மருமகளுக்குச் சுடுசோறு

ஹோய்திங்குக்குப் பிறந்த வீட்டிலேயே அநியாயம் நடந்தது. மருமகளுக்குச் சுடுசோறு, மகளுக்கு நேற்றைய சோறு.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பல்கலைக்கழக விடுதியிலிருந்து அவள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு சனிக்கிழமையும்.

அன்றும் அப்படித்தான். ஹாங்காங் அடுக்குமாடியில், இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற சமையலறை. அம்மா முதலில் அண்ணி புய்ஷானுக்கு ஆவி பறக்கும் சோறும் இஞ்சி போட்டு அவித்த மீனும் வைத்தாள். பிறகுதான் ஃபிரிட்ஜைத் திறந்து நேற்றைய சோற்றை எடுத்தாள். கூடவே ஒரு கிண்ணத்தில், தேன் தடவிச் சுட்ட பன்றிக்கறி.

வாணலி புகைந்தது. முட்டை, பொடியாக அரிந்த கறி, சோறு, கடைசியில் வெங்காயத்தாள். ஒரே தட்டு ஃபிரைட் ரைஸ்; சமையலறை வாசலை ஒட்டிய மேசையில், மகள் முன்னால் வந்து உட்கார்ந்தது.

வாசனை தூக்கியது. அதுதான் இன்னும் எரிச்சல். நேற்று ராத்திரி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கறியைத் துண்டு துண்டாகத் தின்றிருப்பார்கள். மிஞ்சியதை நறுக்கி, மிஞ்சிய சோற்றில் போட்டுக் கிளறினால் மகளுக்கு ஆயிற்று.

மீன் கொஞ்சம் வேண்டுமா என்று அண்ணி கேட்டாள். தானம் வேறு பண்ணுகிறாளாக்கும்.

"அம்மா, மிச்சம் மீதியைத் தீர்க்கத்தான் நான் வாராவாரம் வர்றேனா?"

அம்மா வாணலியைத் தேய்த்தபடியே, திரும்பாமல் சொன்னாள்.

"உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சுட்ட கறியைப் பெத்திருக்கலாம். தின்னவாவது ஆகியிருக்கும்."

அந்த ஊரில் எல்லா அம்மாவும் பெற்ற பிள்ளையைத் திட்டுகிற திட்டுதான். ஆனால் அண்ணிக்கு அது ஒரு நாளும் விழுந்ததில்லை. அவளிடம் மட்டும் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா" என்று குரல் குழையும்.

"என்னை மட்டும் திட்டு. அவங்களை மட்டும் கொஞ்சு. இதுக்கு என்ன நியாயம்னு சொல்லு."

விடுதியில் அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. அம்மா வாணலியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். புய்ஷான்தான் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். அதிகம் பேசாத பெண்.

"நேத்து ராத்திரி நாங்க என்ன சாப்பிட்டோம், தெரியுமா?"

"தெரியாதா என்ன? இந்தக் கறிதான்."

"பாக்கெட் நூடுல்ஸ். வெள்ளிக்கிழமைன்னா இந்த வீட்ல நூடுல்ஸ்தான்."

வீட்டில் இருப்பது ஒரே ஒரு சின்னக் குக்கர். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அம்மா தண்ணீரைக் குறைத்து வைத்துச் சோறாக்கி, தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவாளாம். மறுநாள் வறுக்கும்போது உதிரி உதிரியாக வர வேண்டுமாம். அதுவரை யாரும் அதில் கரண்டி போடக் கூடாது. கறிக்கடையில் நின்று, ஓரம் கருகின, பாதி கொழுப்பும் பாதி சதையுமான துண்டாகக் கேட்டு வாங்கி வருவாளாம். அதிலிருந்து ஒரு விள்ளல் கிள்ளியதற்கு அண்ணன் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறான்.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து அந்தத் தட்டைப் பார்த்துப் பார்த்து வயிறு எரியுறேன்," என்றாள் புய்ஷான். "மீன் யாருக்கு வேணும்? அத்தை என்னைத் திட்டினதுகூட இல்லை. விருந்தாளியை யாரு திட்டுவா?"

ஹோய்திங் தட்டை மேசை நடுவில் தள்ளினாள்.

புய்ஷான் வேண்டாமென்று சொல்லவில்லை. சோற்றைக் கிளறி, இருப்பதிலேயே பெரிய கறித்துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

"அண்ணி, அது என்னோடது."

"வாராவாரம் திங்கிறேல்ல?"

இரண்டு ஜோடிக் குச்சிகளும் ஒரே துண்டைப் பிடித்து இழுத்தன. துண்டு தெறித்துத் தரையில் விழுந்தது.

அம்மா இப்போதுதான் திரும்பினாள். தரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மருமகளையும் பார்த்தாள்.

"உங்க ரெண்டு பேரையும் பெத்ததுக்கு, ரெண்டு துண்டு சுட்ட கறியைப் பெத்திருக்கலாம்."