வெளியே தெரிந்த தையல்

"அங்க பாருங்க. பொண்ணுக்குச் சட்டையத் திருப்பிப் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கார். தனக்கு மட்டும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கோட்டு."

தோல் டாக்டரின் வரவேற்பறையில் எதிர் வரிசையைப் பார்த்துக் கணவனின் காதைக் கடித்தாள் அவள். மடியில் இருந்த கைக்குழந்தை புத்தம்புது லேஸ் கவுனுக்குள் நெளிந்து, சிவந்து தடித்திருந்த கன்னத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

"நமக்கெதுக்கு வம்பு?" என்றான் கணவன்.

வம்பில்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

"சார், பாப்பா சட்டையத் திருப்பிப் போட்டுட்டீங்க."

கோட்டுக்காரர் சிரித்தார். "தெரிஞ்சுதாங்க போட்டேன். இவளுக்கும் எக்ஸிமா. தையலும் லேபிளும் உரசினா அரிப்பு கிளம்பிடும்."

அவள் சிறுமியின் முழங்கை மடிப்பைப் பார்த்தாள். லேசாக நிறம் மாறியிருந்ததே தவிர, தடிப்பு இல்லை.

"எப்படிங்க சரியாச்சு?"

"டாக்டர் குடுத்த ஆயின்மென்ட்தான். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள உடம்பு பூரா மாய்ஸ்சரைசரும் தடவுவேன். நீங்க என்ன போடறீங்க?"

அவள் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கணவன்தான் போட்டு உடைத்தான்.

"போன தடவை குடுத்த டியூபைப் பிரிக்கவே இல்ல சார். ஸ்டீராய்டு, தோல் மெலிஞ்சிடும்னு யாரோ சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட போட்டேன்னு சொல்லப் போறா."

"அப்படிச் சொன்னா, போட்டும் கேக்கலைன்னு நெனச்சு இன்னும் வீரியமா எழுதிடுவாரேம்மா. நானும் பயந்தவன்தான். பயத்தை டாக்டர்கிட்டயே சொன்னேன். அப்புறம் அவர் சொன்ன எடத்துல, சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் போட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கப் பேச்சை மாற்றினாள்.

"அதெல்லாம் சரி. இப்படிச் சட்டை போட்டுட்டுப் போனா ஸ்கூல்ல கேலி பண்ண மாட்டாங்களா?"

"பண்ணாங்க," என்றாள் சிறுமி. "நான் அழுதேன். இனிமே ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

சிறுமி அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "காட்டுங்கப்பா."

"இங்க வேணாம்டா."

"தினமும் ஸ்கூல் வாசல்ல கழட்டறீங்கல்ல? காட்டுங்கப்பா."

அவர் கூச்சத்தோடு கோட்டைக் கழற்றினார்.

இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பட்டன் உள்ளே, தையல் வெளியே.

"இப்ப யாரும் சிரிக்கறதில்ல," என்றாள் சிறுமி.

நர்ஸ் கூப்பிட்டதும் அவள் கைக்குழந்தையோடு எழுந்தாள். பிரிக்காத டியூபைப் பையிலிருந்து எடுத்து, டாக்டர் கண்ணில் படும்படி கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.