மேட்டில் ஏறாத ஜீப்

"மேட்டுல ஏறினா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. கியர்பாக்ஸ் செத்துப்போச்சு, இல்லையா தம்பி?" என்று கேட்டார் நம்ஜில்.

கேட்ட குரலில் கவலையைவிட ஆசைதான் அதிகமாக இருந்ததுபோல் பல்தானுக்குப் பட்டது.

"உயிர் இருக்கும்போதே சாவு சொல்லி அனுப்பாதீங்க அண்ணே. முதல்ல நாடி பிடிச்சுப் பார்க்கிறேன்."

அந்தச் சின்ன ஊரில் டீசல் ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் பல்தான் ஒருவன்தான். நம்ஜிலின் ஜீப், ஜப்பானில் ஒரு ஆயுசு உழைத்துவிட்டு மங்கோலியப் புல்வெளிக்கு வந்து சேர்ந்த கிழம். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ரகம்.

எஞ்சினைச் சூடேற்றி, ஓடவிட்டபடியே கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். அளவு சரி. நிறம் நல்ல சிவப்பு. முகர்ந்தான், தீய்ந்த வாடை இல்லை. துணியில் துடைத்து வெயிலில் பிடித்தான், இரும்புத் தூளும் இல்லை.

"ரத்தம் சுத்தமா இருக்கு. ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

கோயில் மேட்டில் ஏறும்போது கோளாறு தெரிந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகிற இடத்தில் எஞ்சின் அலறியது. வண்டியோ பிடிப்பு விட்டுத் தயங்கியது.

பட்டறைக்குத் திரும்பி எஞ்சின் மூடியைத் தூக்கினான் பல்தான். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று கியர்பாக்ஸுக்குச் சேதி சொல்கிற கேபிள், துணி காயப்போடும் கொடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. சேதி போகாவிட்டால் மேட்டில் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று கியர்பாக்ஸுக்கு எப்படித் தெரியும்?

இரட்டை நட்டு போட்ட கேபிள் அது. தானாகத் தளராது. நட்டைச் சுற்றியிருந்த தூசியில் ஸ்பேனர் பட்ட தடம் புதிதாக இருந்தது.

"அண்ணே, இது வந்து..." என்று நிமிர்ந்தான்.

நம்ஜில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்த வண்டி இனித் தேறாதுன்னு செந்த்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"அக்காகிட்டயா? எதுக்கு?"

"வாராவாரம் ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன். பாலைத் தெளிச்சுட்டு, பொழுது சாயுற வரைக்கும் அந்தத் தண்ணியையே பார்த்துட்டு இருப்பா. நானும் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். ஏழு வருஷமாச்சு. என்னால முடியலை தம்பி. வரலைன்னு நான் சொன்னா அவ நொறுங்கிடுவா. வண்டி வரலைன்னா... வண்டி மேல யார் கோவிச்சுக்கப் போறா?"

ஊருக்கே தெரிந்த கதைதான். நம்ஜில், செந்த்மா தம்பதியின் ஒரே மகன் முன்க், பனி இளகுகிற பருவத்தில் உறைந்த ஆற்றின்மேல் மோட்டார் சைக்கிளை விட்டான். பனிக்கட்டி உடைந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

நட்டைத் திருகிய கை எது என்று பல்தான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

"சரிண்ணே, சொல்லிடறேன்."

நம்ஜில் மாவு வாங்கச் சந்தைப் பக்கம் போனார். அவர் தலை மறைந்த சற்று நேரத்தில் செந்த்மா பிளாஸ்கில் உப்பு டீயோடு வந்து சேர்ந்தாள்.

"கிழம் என்ன சொல்லுது? ஜீப்பைக் கேட்டேன் தம்பி, எங்க வீட்டுக்காரரை இல்லை."

பல்தானால் சிரிக்க முடியவில்லை. "கியர்பாக்ஸ் போயிடுச்சு அக்கா. ஆத்தங்கரை வரைக்கும் இனித் தாங்காது."

"வேற ஒண்ணு மாத்த முடியாதா?"

"இந்த ரகத்துக்கு இப்ப எங்கயும் கிடைக்கிறதில்லை."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

செந்த்மா அங்கே கிடந்த டயரின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். தலைத்துணியின் முனையை வாயில் அழுத்திக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

பல்தான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். மகனுக்கென்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்தக் கரை ஒன்றுதான். அதற்குப் போகிற பாதையையும் ஒரு பொய்யால் அடைத்துவிட்டோமே! நம்ஜில் அண்ணன் பாவம்தான். ஆனால் பெற்றவளை இப்படி அழவைத்துவிட்டு இனி எந்த வண்டியின் கோளாறைப் பற்றி ஊரில் யாரிடம் வாய் திறப்பது? ஏன் ஒத்துக்கொண்டோம் என்று நெஞ்சு அரித்தது. டீயைக் கீழே வைத்தான்.

"அக்கா, அழாதீங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்தாள்.

"ஏன்னு கேட்காதீங்க. கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு. ஒரு கேபிள் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான். இப்பவே முறுக்கித் தர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூடிக்குள் குனிந்தான். செந்த்மா ஓடிவந்து அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம் தம்பி, முறுக்காதே! பண்ணையில லாரி ஓட்டினவ நான், அதைத் தளர்த்தினதே நான்தான். அவர் மனசுக்காகத்தான் இத்தனை வருஷமும் கூடப் போனேன், அந்தத் தண்ணியை இனி என்னால பார்க்க முடியாது. இனிப் போக வேண்டாம்கிற நிம்மதியிலதான் அழுதேன்... அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா, மனுஷன் தாங்க மாட்டார்."