இரண்டு முகமூடிகள்

வீடு தானாகப் பூட்டிக்கொண்டு முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. சுவரில் பூஞ்சை கண்டால், பழுது தீரும்வரை அது யாரையும் வெளியே விடாது.

மாநகராட்சி ஆய்வாளர் கதவுக்கு வெளியிலிருந்து பேசினார். "புகை போடப் போறோம்மா. ரெண்டு பேருக்கும் முகமூடி உள்ள தள்ளியிருக்கேன், மாட்டிக்குங்க."

அந்த ஓரறை வீட்டில் சுகன்யா, அவள் கணவன் என இருவருக்குத்தான் அனுமதி. கூடுதலாக ஒருவர் இருப்பது தெரிந்தால் வீடே போய்விடும். சுகன்யாவின் தம்பி மதியழகன் எட்டு மாதமாக அங்கே ஒளிந்திருந்தான்.

"எனக்கு ஈரத்துணி போதும், மாமா" என்று தம்பி அவள் கணவனிடம் கிசுகிசுத்தான்.

"பூஞ்சையே சாகுற புகை, மாப்ள. துணிய வச்சு என்ன பண்ணுவ?"

கணவன் தன் முகமூடியை நீட்டினான். தம்பி வாங்கவில்லை.

சுவருக்குள் புகைக்குழாய் சீறத் தொடங்கியது. சுகன்யா கதவைத் தட்டினாள்.

"நிறுத்துங்க சார். உள்ள மூணு பேர் இருக்கோம்."