மஞ்சள் குழாய்

கடலுக்குள் முக்குளிக்கப் போகிறவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடை அது. காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரர், உள்ளே வந்த தம்பதியைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக எழுந்து, இருவருக்கும் டீ வரவழைத்தார்.

கணவர் தன் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, மனைவி கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு நீச்சலுடைகள் பக்கம் போனார்.

"ரெகுலேட்டர் எனக்குத்தான். நானும் அவரும் எப்பவும் ஜோடியாத்தான் இறங்குவோம்," என்றாள் மனைவி.

கடலடியில் மூச்சு விட உதவும் அந்தக் கருவியில் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். "சிலிண்டர்லேர்ந்து ரெண்டு குழாய் வரும்மா. கறுப்பு உங்க வாய்க்கு. மஞ்சள் ஸ்பேர். கூட வர்றவருக்குக் காத்து தீர்ந்துட்டா, அதை எடுத்து வாயில வச்சுக்குவார்."

"அப்போ மஞ்சள்ல இருக்கறதுலயே நல்லதா போடுங்க. ஆழத்துல போய் கழுத்தறுக்கக் கூடாது. கறுப்பு சுமாரா இருந்தா போதும்."

கடைக்காரர் அசந்துபோனார். வருகிறவனெல்லாம் தனக்கு உசத்தி, அடுத்தவனுக்கு மட்டம் என்று வாங்கிப் போகிற கடையில், இப்படி ஒரு மனைவியா!

"சார் கொடுத்து வச்சவர்மா. அவருக்காக இவ்வளவு பாக்கறீங்களே!"

"அவருக்காகவா?" அவள் கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்பவும் முதல்ல அவருக்குத்தான் காத்து தீரும். தீர்ந்ததும் மஞ்சளையெல்லாம் தேட மாட்டார். நேரா வந்து என் வாயில இருக்கறதைப் பிடுங்கிக்குவார். அப்புறம் நான் மஞ்சள்லதானே மூச்சு விடணும்?"