வாயைத் திறந்தபடி நின்ற அப்பா

“அத்தை, ஓடி வாங்க! கையை விட்டுட்டு நடக்கறா!”

குழந்தை கட்டில் காலை விட்டுக் கதவு வரை தள்ளாடிப் போய், தொப்பென்று உட்கார்ந்து, தனக்குத் தானே கை தட்டிக்கொண்டது. மருமகளுக்குத் தலைகால் புரியவில்லை.

கடல் தாண்டிப் போய் கிரேன் ஓட்டும் கணவனுக்கு இப்போது சாப்பாட்டு நேரம். மணி அடித்தால் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவான். அதற்குள் காட்டியாக வேண்டும்.

வீடியோ காலில் வந்தான். வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மூக்கு மேல் வட்டம் சுற்றியது.

“என்னடி, எம்பிள்ளை கொட்டாவி விடறானா?”

“நெட்டுதான் கொட்டாவி விடுது. அத்தை, உண்மையைச் சொல்லுங்க, உள்ளே சீரியல் ஓடுதா?”

“உன்மேல சத்தியமா இல்லடி. பேத்தி நடக்கறப்ப எனக்கெதுக்கு சீரியல்?”

“பதிவு பண்ணி அனுப்பிடவா?”

“அனுப்புறதுக்கும் அந்த நெட்டுதானே வேணும்!”

மருமகளுக்குப் பொறி தட்டியது. “அப்போ அந்த கம்பவுண்டர் சார்தான்!”

போன மாதம் மழையில் இவர்கள் நெட் படுத்தபோது, பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் தன் வைஃபையை இவர்கள் போனில் போட்டுக் கொடுத்தார். அத்தை சும்மா இருப்பாரா? இரவல் கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்கிற மாதிரி, “நீங்களும் எங்களுதை வச்சுக்குங்க” என்று தங்கள் பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டார்.

“தாராள மனசு அத்தை உங்களுக்கு! இப்ப பாருங்க, மொத்தமா உறிஞ்சறார்.”

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் போனோடு ஓடினாள்.

கையும் களவுமாக மாட்டினார் கம்பவுண்டர். லேப்டாப் முன்னால், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்திருந்தார். திரையில் யாரோ ஒரு துணி மூட்டையைத் தூக்கிக் காட்டுவது கலங்கலாகத் தெரிந்தது.

“சார், மனசாட்சி வேண்டாமா? இப்படி நெட்டை இழுத்தா நாங்க என்ன பண்றது? இவ இன்னிக்குத்தான் முதல்முதலா நடக்கறா. இவ அப்பா அங்கே வாயைத் திறந்தபடி நிக்கறார்!”

கம்பவுண்டர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

“நடக்கறாளா?”

திரையிடம், “அப்புறம் கூப்பிடறேம்மா” என்று சொல்லி லேப்டாப்பை மூடினார். “ஓடும்மா. இனி வரும்.”

வந்தது! கண்ணாடி மாதிரி வந்தது!

“பார்த்தீங்களா அத்தை, அவர் மூடினதும் எப்படிப் பறக்குதுன்னு!”

குழந்தை வாசலில் நாலு எட்டு வைத்தது. அங்கே அவன் போட்ட கூச்சலில் கூடச் சாப்பிட்டவர்களெல்லாம் எழுந்து வந்து கை தட்டினார்கள். “இன்னொரு தடவை! தங்கம், அப்பாகிட்ட வா, வா…” மணி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே மறைந்தான்.

அத்தையும் மருமகளும் மாறி மாறிக் குழந்தையை முத்தமிட்டுக்கொண்டிருந்தபோது, ஏணியோடு வந்து நின்றார் நெட் கனெக்‌ஷன்காரர்.

“அக்கா, காலையிலேயே லாரி இடிச்சு உங்க லைன் அறுந்துடுச்சு. ஒட்டத்தான் வந்திருக்கேன்.”

“அறுந்துச்சா? இப்பத்தானே பேசினோம்!”

அவர் போனை வாங்கிப் பார்த்தார். “இது கம்பவுண்டர் வீட்டு வைஃபை அக்கா. முன்னாடி போட்டு வச்சதாலே, உங்களுது போனதும் போன் தானா அதுல தொத்திக்கிச்சு.”

இப்போது மருமகளின் வாய் திறந்தபடி நின்றது.

மதில் சுவருக்கு மேலே கம்பவுண்டரின் தலை எட்டிப் பார்த்தது.

“அப்பா நல்லாப் பார்த்தாராம்மா?”

“பா… பார்த்துட்டார் சார்.”

“சந்தோஷம். காலையில என் பொண்ணுக்குக் குழந்தை பொறந்திருக்கு. இன்னும் முகம் பார்க்கல. இப்போ நான் கொஞ்ச நேரம் நெட்டை எடுத்துக்கட்டுமா?”