சொரசொரப்பு

"என்ன மேஸ்திரி, இதுக்குப் பேரு தரையா?"

வீட்டுக்காரரின் மகள் போட்ட சத்தத்தில் மேஸ்திரியின் கையிலிருந்த பிரஷ் நழுவி விழுந்தது.

பாவம், மனிதர் பத்து நாளாய் முட்டி தேய உழைத்திருந்தார். கூடம் முழுக்கக் கான்கிரீட்டில் சாயம் ஏற்றி, மேலே பூசிய பளபளப்பும் அன்றுதான் காய்ந்திருந்தது. நீலமும் பச்சையுமாய், விடியற்காலைக் குளம் ஒன்று வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் மெல்ல ஆடியது. யாருக்கும் காலை நனைத்துக்கொள்ளத் தோன்றும்.

நடுவில் மட்டும் ஓர் அடி அகலத்துக்குச் சொரசொரப்பு. அப்பாவின் அறை வாசலில் தொடங்கி, அவர் நாற்காலியைத் தொட்டு, குளியலறைவரை சின்னச் சின்ன அலைகளாய்ப் பதிந்திருந்தது.

"கண்ணாடி மாதிரி வேணும்னுதானே சொன்னேன்? கோழி கிளறின மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க!"

"ஈரத்துல ரப்பர் அச்சைத் தப்பா அமுக்கிட்டேம்மா..."

"மொத்தத்தையும் பேத்தெடுங்க! இல்லேன்னா உங்க லட்சணத்தை ஊரெல்லாம் சொல்லுவேன்."

இருபது வருஷமாய்ச் சம்பாதித்த நல்ல பேர். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். ரோஷக்காரர். போன மாதம் இரண்டு தடவை சுவரில் மோதி நெற்றி புடைத்துக்கொண்டார். மகள் கைத்தடி வாங்கி வந்தாள். "எனக்கென்ன கண்ணா அவிஞ்சுபோச்சு?" என்று அதைத் தெருவில் வீசிவிட்டார். சுவரில் கைப்பிடி பொருத்த வந்தவரையும் விரட்டிவிட்டார். அப்புறம் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை.

இப்போது வெறுங்காலைத் தரையில் வைத்தார். பெருவிரல் கொஞ்சம் துழாவியது. அலை தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாய், ஆனால் தடுமாறாமல், குளியலறை வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். முகத்தில், தூக்கத்தில் குழந்தை சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

"தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கு. பேக்க வேண்டாம்."

"அசிங்கமா இருக்கேப்பா!"

"எனக்குப் புடிச்சிருக்கு. நீ உன் வேலையைப் பாரு."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேஸ்திரியோடு வாசலுக்கு வந்தாள். கதவைச் சாத்தியதும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணா. அந்த அலையை நானே போடச் சொல்லிட்டு, நானே வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். கண்ணு தெரியாதவருக்காகப் போட்டதுன்னு தெரிஞ்சா, ஒரு நாள்கூட அதுல கால் வைக்க மாட்டார்."

"அதனால என்னம்மா? கால்லயே பாத்துட்டாரே, அது போதும்."

கீழே விழுந்த பிரஷ்ஷை எடுக்க மேஸ்திரி மட்டும் உள்ளே திரும்பினார். அப்பா இன்னும் அந்த அலைமேலேயே நின்றுகொண்டிருந்தார். வாசல் பக்கம் ஒரு காதை வைத்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"என் பொண்ணுக்கு நெஜமாவே கோவம் வந்தா வாயே திறக்க மாட்டா, மேஸ்திரி. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."