வெள்ளைக் கேசரி

தண்ணீர் கொதித்துவிட்டது. கலர் போடவேண்டிய நேரம்.

அவள் போடவில்லை.

வறுத்த ரவையை அப்படியே சரிக்கத் தட்டைத் தூக்கினாள்.

"நில்லுங்கம்மா!"

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துச் சமையல்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். கையில் ஆரஞ்சுப் பொடிப் பொட்டலம். கலர் போடப்போவதில்லை என்று கேள்விப்பட்டு, கடைக்கு அவரே ஓடி வாங்கி வந்திருக்கிறார், பாவம்.

"வெள்ளைக் கேசரியக் கொண்டுபோய் வெச்சா, சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால நான் தல நிமுர முடியுமா? போடுங்க."

"போட மாட்டனுங்க."

சமையல்காரரான கணவர் நோயில் படுத்தபிறகு அவள் பொறுப்பில் நடக்கும் முதல் கல்யாணச் சமையல். இதில் பேர் கெட்டால் அடுத்த கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

அவளுக்கு அதுவும் தெரியும்.

இருபத்தாறு வருஷம் அவர் கேசரி கிண்டினார். ஒவ்வொரு அண்டாவிலும் சுடச்சுட ஒரு விள்ளல் எடுத்து, உள்ளங்கையில் வைத்து நக்கிப் பார்ப்பார். சாயம் இல்லாமல் அந்தக் கையை அவள் பார்த்ததே இல்லை.

இப்போது வாரம் இரண்டு முறை பெரியாஸ்பத்திரி. ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்புகிறது.

கலரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. கலரால் இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போகிற சாயத்தோடு ஈரலும் சிறுநீரகமும்தானே மாரடிக்க வேண்டும், வருஷக்கணக்கில் என்றால் அதுகளும் என்னம்மா செய்யும், என்றார்.

"இத்துனூண்டு பொடி. என்ன ஆயிரப்போவுது?" என்றார் தாய்மாமன்.

அவள் பொட்டலத்தை வாங்கினாள். பிரித்தாள். அவருடைய வலது கையைப் பிடித்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள்.

"ஒண்ணும் ஆகாதுன்னா நக்கிக் காட்டுங்க. நீங்க நக்குனா நான் அண்டாவுல போடறேன்."

பாத்திரம் கழுவுகிறவர்கள் கழுவுவதை நிறுத்தினார்கள்.

வேர்த்த கை. பொடி கரைந்து ரேகைகளில் ஓடியது.

அவர் கையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார்.

பிறகு குழாயடிக்குப் போனார்.

அவள் ரவையைக் கொட்டினாள்.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா, "உப்புமாவுக்குச் சட்னி எங்கப்பா?" என்றாராம். வரிசை மொத்தமும் சிரித்ததாம். யாரோ சட்னியையும் ஊற்றிவிட்டார்களாம். பரிமாறிவிட்டு வந்த பாவாத்தாள் சொல்லும்போதே அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சிரிக்கட்டும்."

"இன்னொண்ணு, அக்கா. அந்த மாமா சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவியும் கையில கலர் போகுல. எலை முன்னால சும்மா உக்காந்திருக்காரு. ஸ்பூன் இருக்குமான்னு கேக்கறாரு."

அவள் சிரிக்கவில்லை. நெய் டின்னுக்குள் கிடந்த ஸ்பூனை எடுத்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் பந்திக்குத் தண்ணீர் கொதித்தது.

பொட்டலம் அடுப்போரமாகவே கிடந்தது. போடச் சொல்லி யாரும் வரவில்லை.